தவணை

செக்காலை ரோட்டில் முதல் பஸ் இன்னும் உறுமவில்லை.
ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்,
நான்கு குழாய்.
குனிந்து குனிந்து எண்ணுகிறேன்.
மூன்று பைகள் அந்தரத்தில் ஒழுங்காகத் தொங்குகின்றன,
ஒன்று தரையைத் தொடப் பார்க்கிறது.
கொக்கியை ஒரு கம்பி மேலே ஏற்றுகிறேன்.
கட்டில் மட்டத்துக்குக் கீழேதான், ஆனால் தரைக்கு மேலே.

மூத்திரம் பள்ளம் பார்த்துப் போகும்.
மேட்டில் வைத்தால் வந்த வழியே திரும்பும்,
கூடவே வேறு யாரையோ கூட்டிக்கொண்டு.
இதற்கு நர்சிங் படிக்க வேண்டாம்,
கண்மாய்க்கரையில் பிறந்தால் போதும்.

ஏழாம் கட்டில் ஆவிச்சி.
அடகுக் கடையில் நாற்பது வருடம் பேரேடு எழுதியவர்.
இடுப்பெலும்பில் ஆணி இறங்கி நான்கு நாள்.
நேற்று மாலை பார்க்க வந்த கூட்டம்
ஒரு வேன் நிறைய.
மலேசியாவிலிருந்து வந்திருக்கும் மகன் சொக்கு
பையைத் தூக்கிக் கட்டிலில் வைத்துப்
போர்வையால் மூடிவிட்டான்.
பங்காளிகள் கண்ணில் படக்கூடாதாம்.
எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.
பையை இறக்கி, பழைய தலையணை உறை ஒன்றை
அதற்குச் சட்டையாக மாட்டினேன்.
"மறைக்கலாம் தம்பி, உயர்த்தக் கூடாது."

பொன்னழகு பைகளை வடிக்கிறாள்.
ஆளுக்கொரு குவளை, அடியில் ஆணியால் கீறிய எண்.
பையின் வாய் குவளை விளிம்பில் படாமல்
ஒரு விரற்கடை விட்டு வடிக்க
அவளைப் போல் எனக்கு வராது.
ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே
மறுபடி கைதேய்க்கும் மருந்து.
வெடித்த தோல், எரியும்.
எரிய எரியத் தேய்க்கிறாள்.

போன ஆடியில் பதினோராம் கட்டிலில் ஒருவர் இருந்தார்.
கானாடுகாத்தான் பக்கம், கல்யாணச் சமையல்.
அறுவைக்காகப் போட்ட குழாய்.
அறுவை முடிந்தது, குழாய் முடியவில்லை.
ஒன்பதாம் நாள் பல் கிடுகிடுக்கும் குளிர்,
பத்தாம் நாள் மதுரைக்கு ஆம்புலன்ஸ்.
எடுங்கள் என்று யாரும் எழுதவில்லை.
எடுக்கவா என்று நான் கேட்கவில்லை.
பேர் மறந்துவிட்டது. பல்லின் சத்தம் மறக்கவில்லை.

ஆவிச்சி விழித்துக்கொண்டார்.
"சிஸ்டர், இதுக்குத் தவணை உண்டா?"
விளையாட்டாகத்தான் கேட்டார்.
கேஸ் ஷீட்டைப் புரட்டினேன்.
போட்ட தேதி இருக்கிறது, போட்டவர் கையெழுத்து இருக்கிறது.
'இன்றும் எதற்காக' என்ற கட்டத்தில்
ஒரு கோடு.
நேற்று நான் கிழித்த கோடு.
யாரும் மீட்க வராத அடகுச் சீட்டு.
நாள் ஏற ஏற வட்டி ஏறும்,
இங்கே வட்டி கட்டுவது உடம்பு.

டூட்டி ரூமில் டாக்டர் ஹாஜிரா
மேசையில் தலை வைத்திருந்தார்.
கேட்டேன்.
"இன்னுமா இருக்கு?" என்றார், கொட்டாவி பாதியில் நின்றது.
"எடுத்துடுங்க."

பலூன் நீரை ஊசிக்குழலில் உறிஞ்சி
"மூச்சை மெல்ல விடுங்க" என்றேன்.
உருவி எடுத்தால் வெறும் ரப்பர்.
இத்தனை நாள் ஒரு மனிதருக்குள் குடியிருந்த களை
அதில் துளியும் இல்லை.

பிறகு காத்திருப்பு.
தண்ணீர் குடித்தார். ஆறு மணி. ஏழு.
டூட்டி முடிந்தும் நான் கிளம்பவில்லை.
சொக்கு வாஷ்பேசின் பைப்பைத் திறந்துவிட்டான்,
சத்தம் கேட்டால் வருமாம்.
பொன்னழகு வந்து அடைத்தாள்:
"முனிசிபாலிட்டித் தண்ணி. அளந்துதான் விடுறான்."

எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால்
திரைக்குப் பின்னே, பிளாஸ்டிக் பாத்திரத்தில்
ஒரு சொட்டு.
இடைவெளி.
இன்னொரு சொட்டு.
அப்புறம் நிற்காத ஓசை.
வார்டே பேச்சை நிறுத்திக் கேட்டது.

கோட்டைப் பார்த்து என்னை முந்திக்கொண்டார்:
"முந்நூற்று இருபது. வரவா, செலவா?"
"செலவுதான் ஐயா."
"நல்ல செலவு."

செருப்பை மாட்டினேன்.
வாசல் வரை போய்விட்டேன்.
நான்கில் ஒன்று போக இன்னும் மூன்று.
திரும்பி வந்து கை கழுவி
இரண்டாம் கட்டிலின் ஷீட்டைத் திறந்தேன்.
அங்கும் ஒரு கோடு.